வானூர்தியில் குருதியேற்றம்

மனிதக் குருதி நம் நாட்டுச் சட்டப்படி ஒரு மருந்து. இருமல் மருந்தையும் காய்ச்சல் மாத்திரையையும் ஆளுகின்ற அதே 1940ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்கீழ் எழுந்த 1945ஆம் ஆண்டு விதிகளுமே குருதியையும் ஆளுகின்றன. அதனைத் திரட்டுவதற்கும், சோதிப்பதற்கும், சேமிப்பதற்கும், வழங்குவதற்கும் உரிமம் வேண்டும். உரிமம் வேண்டுமெனில் இடம் காட்ட வேண்டும். குருதி வங்கி நடத்துவோர்க்கு 100 சதுர மீட்டர். குருதியைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு எனப் பகுப்பதாயின் மேலும் 50 சதுர மீட்டர். வங்கியாக இல்லாமல் வெறும் சேமிப்பு நிலையமாக இருப்பினும் 10 சதுர மீட்டராவது வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. இனி ஒரு ஹெலிகாப்டரின் உள்ளறையை எண்ணிப் பாருங்கள். நோயாளியின் படுக்கை, மருத்துவர், செவிலியர், ஆக்சிஜன் உருளை ஆகியவற்றை வைத்தபின் நிமிர்ந்து நிற்கவும் இடமிராது. பத்துச் சதுர மீட்டருக்கு அங்கே எங்கே போவது?

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும், குருதிப் பைகளை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு நோயாளியை நாடிப் பறக்கும் ஊர்திக்கு நம் விதிகளில் ஒரு பெயர்கூட இல்லை என்பதை இக்கேள்வி தெளிவாக்குகிறது. அப்பெயரை விதிகளில் சேர்க்க இயலுமா, சேர்த்தால் பயனுண்டா என்பதே இக்கட்டுரையின் பொருள். நான் மருத்துவம் பயில்பவன் அல்லேன், உயிர்வேதியியல் மாணவன். எனவே முதலில் என் துறைக்கு உரிய பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி ஓடுகிறது. அதில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 2 லிட்டர் வெளியேறிவிட்டால் உயிர் ஊசலாடத் தொடங்கும். அந்நிலையில் நரம்பில் உப்புநீர் ஏற்றுவது நெடுநாள் வழக்கம். உப்புநீர் குழாய்களை நிரப்பும். இரத்த அழுத்தமும் சற்று உயரும். ஆனால் உப்புநீர் ஆக்சிஜனைச் சுமக்காது; குருதியை உறையவைக்கும் புரதங்களும் அதில் இல்லை. எஞ்சியிருக்கும் குருதியையும் அது நீர்க்கச் செய்துவிடுகிறது. மோரில் மேலும் மேலும் தண்ணீர் விட்டால் என்னவாகும்? செம்பு நிறையும், மோர் பெருகாது. இதனோடு குளிர்ந்த நீர் உள்ளே செல்வதால் உடல் வெப்பம் குறைகிறது. ஆக்சிஜன் கிட்டாத திசுக்கள் அமிலத்தைப் பெருக்குகின்றன. குளிர்ச்சியிலும் அமிலத்திலும் உறைதல் நொதிகள் செவ்வனே வேலை செய்யமாட்டா. உறையாவிடின் மேலும் குருதி ஒழுகும். ஒழுகினால் மேலும் குளிரும். இச்சுழலை அறுப்பதற்கு, இழந்த பொருளையே திருப்பித் தருவதுதான் நேர்வழி.

அப்பொருளை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குக் கொண்டுசெல்ல மனிதன் கற்றதே ஒரு நூற்றாண்டுக் கதைதான். வியன்னாவில் காரல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் குருதிப் பிரிவுகளை வெளிப்படுத்தினார். 1914, 1915ஆம் ஆண்டுகளில் சிட்ரேட் உப்பைக் கலந்தால் குருதி உறையாமல் நிற்கும் எனக் கண்டனர். அதுவரை கொடுப்பவரும் பெறுபவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். சிட்ரேட் வந்தபின் குருதி புட்டிக்குள் வந்தது. புட்டிக்குள் வந்தது பயணம் போகலாயிற்று. 1917இல், முதல் உலகப் போரில், ஆஸ்வால்டு ராபர்ட்சன் என்னும் அமெரிக்கப் படை மருத்துவர் வெடிமருந்துப் பெட்டிகளையே பனிப்பெட்டியாக்கிக் குருதிப் புட்டிகளைப் போர்முனைக்கு அருகே சேமித்துவைத்தார். 1936இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது கனடா நாட்டு அறுவை மருத்துவர் நார்மன் பெத்யூன், மாட்ரிட் நகரில் திரட்டிய குருதியைக் குளிர்பெட்டியுடன் கூடிய வண்டியில் ஏற்றிக் காயமுற்றோரிடம் கொண்டுபோனார். நோயாளி குருதியைத் தேடி வருவதா, குருதி நோயாளியைத் தேடிப் போவதா என்னும் கேள்விக்கு அன்றே ஒரு விடை எழுதப்பட்டுவிட்டது. ஹெலிகாப்டர் அவ்வண்டியின் பேரப்பிள்ளை என்க.

அமைதிக் காலத்தில் இதனைச் செய்து காட்டியோருள் இலண்டன் வான்வழி ஆம்புலன்சார் குறிப்பிடத்தக்கவர். 2012 மார்ச்சு முதல் அவர்கள் சிவப்பணுப் பைகளை ஊர்தியிலேயே எடுத்துச் செல்கின்றனர். பிரிட்டனில் அவர்களே முதல்வர். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இவ்வழக்கம் உண்டு. அமெரிக்காவில் ஆம்புலன்சுப் பணியாளர் குருதியேற்றலாமா என்பது மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுவதால், விதிகளை ஒவ்வொரு மாநிலமாகத் திருத்திவருகின்றனர்.

வழக்கம் பரவியது சரி, பயன் மெய்யா? இவ்விடத்தில் நாம் சற்று நிதானிக்க வேண்டும். ஏனெனில் சோதனை முடிவுகள் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்காவில் வான்வழி ஆம்புலன்சுகளில் 501 காயமுற்றோரிடம் நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. வழியிலேயே பிளாஸ்மா பெற்றோரில் 30 நாட்களுக்குள் இறந்தவர் நூற்றுக்கு 23.2, பெறாதோரில் 33.0. நூறு பேரில் பத்துப் பேர் என்பது சிறு வேறுபாடன்று. ஆனால் அதே ஆண்டில் டென்வர் நகரில், தரைவழி ஆம்புலன்சுகளில் 125 பேரிடம் நடத்திய ஆய்வு பயன் எதையும் காட்டவில்லை. பிறகு இங்கிலாந்தில் 432 பேரிடம் ஆய்வு செய்தனர். ஒரு சாராருக்குச் சிவப்பணுவும் உலர்த்திய பிளாஸ்மாவும், மறு சாராருக்கு உப்புநீர். 2022இல் வந்த முடிவின்படி உப்புநீரினும் குருதி மேம்பட்டது என மெய்ப்பிக்க இயலவில்லை.

அப்படியானால் இவ்வளவும் வீண்தானா? அன்று. முதலிரண்டு ஆய்வுகளையும் ஒருங்கே வைத்து 2020இல் மறுபடி ஆராய்ந்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. மருத்துவமனைக்குச் செல்லும் நேரம் 20 நிமிடத்திற்கு மேற்பட்டபோதுதான் பிளாஸ்மா பெறாதோர் மிகுதியாக இறந்தனர். டென்வரில் மருத்துவமனை கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அங்கே பிளாஸ்மா உருகி நரம்பில் ஏறுமுன் நோயாளி வாயிலை அடைந்துவிடுவார். ஆகவே, 'வழியில் குருதி தேவையா' என்று பொதுவாகக் கேட்பது பொருளற்றது. 'எவ்வளவு நீண்ட வழி' என்று கேட்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு என் ஊர் நினைவுக்கு வருகிறது. என் தந்தையார் நெல்லைச் சீமையிலிருந்து கட்டட வேலைக்காக வந்து, நெய்யாற்று அணைக்கு அருகில் உள்ள கள்ளிக்காட்டிலேயே தங்கிவிட்டவர். கள்ளிக்காட்டிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வரைபடத்தில் விரற்கடை தூரம். மலையடிவாரத்து வளைவுகளிலும் காட்டாக்கடைச் சந்தை நெரிசலிலும் ஒரு மணி நேரம் ஆகும். அணை நீருக்கு அப்பால், காட்டோரம் வாழும் காணி மக்களுக்கோ படகுத்துறைக்கு வருவதே ஒரு பயணம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவருக்கு இரப்பர் மரம் அறுக்கையில் இயந்திர வாள் தொடையில் பாய்ந்துவிட்டது. ஜீப்பில் போட்டு அருகிலிருந்த மருத்துவமனை ஒன்றிற்குக் கொண்டுபோனார்கள். கட்டுப் போட்டு, இரண்டு புட்டி உப்புநீர் ஏற்றி, "இங்கே ரத்தம் இல்லை, மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை, இல்லாததை எப்படிக் கொடுப்பார்கள்? வாள் பட்டதிலிருந்து முதற்பை குருதி ஏறும்வரை 2 மணி 20 நிமிடம். அவர் மகன் என் பள்ளித் தோழன், கூடவே இருந்தவன், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்ததாகச் சொன்னான். அண்ணாச்சி பிழைத்தார். ஆனால் குருதி ஓட்டமின்றி அவ்வளவு நேரம் கிடந்த சிறுநீரகங்கள் பழுதுற்றன. இன்று வாரம் இருமுறை பேருந்தேறி டயாலிசிசுக்குப் போய்வருகிறார்.

விதிகளுக்கு வருவோம். 'குருதி வங்கி' என்னும் பெயரை 2020 மார்ச்சில் 'குருதி மையம்' எனத் திருத்திவிட்டார்கள். நாவிற் பழகிய பழைய பெயரையே நான் வைத்துக்கொள்கிறேன். இவ்விதிகள் கடுமையாக இருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. ஒரு காலத்தில் நம் நாட்டில் பணத்துக்குக் குருதி விற்றுப் பிழைத்தோர் பலர். நோய்க் கிருமிகளும் அவ்வழியே விற்பனையாயின. உச்ச நீதிமன்றம் 1996 சனவரியில் அளித்த தீர்ப்பின் பின்னரே அவ்விற்பனை தடை செய்யப்பட்டு, தேசியக் குருதியேற்று மன்றம் தோன்றியது. ஆகவே, விதிகளைத் தளர்த்துக என்று நான் கூறவில்லை. கடுமை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கட்டும். குருதிக்கு வேண்டியது 2 முதல் 6 பாகை செல்சியஸ் வெப்பநிலை. யாருடையது, எப்போது எடுத்தது, யார் கைக்குப் போனது என்னும் கணக்கு. ஏற்றுவதற்குத் தகுதி பெற்ற ஆள். நான்கு சுவர் வேண்டும் என்று சிவப்பணு கேட்பதில்லை.

விதிகள் இதனை முன்னரே ஒருமுறை ஒப்புக்கொண்டுள்ளன என்பதுதான் வியப்பு. 2001 டிசம்பரில் 'கே' அட்டவணையில் ஒரு புதிய இனம் சேர்க்கப்பட்டது. அதன்படி முதற்பரிந்துரை மருத்துவ நிலையம், சமுதாய நல நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், அல்லது ஏதேனும் ஒரு மருத்துவமனை, ஆண்டுக்கு 2000 பைக்கு மேற்படாமல், உரிமம் பெற்ற வங்கியிலிருந்து குருதி வாங்கிச் சேமித்து ஏற்றலாம். தனி உரிமம் வேண்டா. மாநில அதிகாரியின் ஒப்புதல் போதும். ஏன் இவ்விலக்கு? பிள்ளைப்பேற்றின்போது குருதி வடிந்து இறக்கும் தாய்மார்களை நகரத்து வங்கி காப்பாற்றாது. கருவி கிராமத்திற்கு அருகே இருக்க வேண்டும். விதியை எழுதியோர் அன்று தொலைவைக் கணக்கில் எடுத்துக்கொண்டனர்.

அதே அட்டவணையில் மற்றோர் இனமும் உண்டு. எல்லைப் பகுதிகளிலும் களத்திலும் இயங்கும் படைத்துறை மருத்துவ நிலையங்கள், கள ஆம்புலன்சுப் பிரிவுகள், நடமாடும் மருத்துவப் பிரிவுகள் ஆகியவை குருதியைத் திரட்டி ஏற்றுவதற்கு விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், நோய்ச் சோதனை வேண்டும், தம் தேவைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பன நிபந்தனைகள். அதாவது 'நடமாடும்' என்னும் சொல் நம் விதிப் புத்தகத்தில் குருதியோடு சேர்ந்து ஏற்கெனவே அச்சேறியிருக்கிறது. சீருடை அணிந்தோர்க்கு மட்டும். படைவீரருக்குத் தந்ததை நான் குறைசொல்லவில்லை. இரப்பர் வெட்டுவோருக்கும் அதனைத் தந்தால் என்ன என்றுதான் கேட்கிறேன்.

இன்றுள்ள நிலையில் வான்வழி ஆம்புலன்சில் குருதியே ஏற முடியாதா என்று சிலர் வினவலாம். குறிப்பிட்ட ஒரு நோயாளிக்கெனப் பொருத்தம் பார்த்து மருத்துவமனை வழங்கிய பை அவரோடு பயணம் செய்வது வேறு. யாருக்கு என்று அறியுமுன்னரே பையைச் சேமித்துக்கொண்டு புறப்படுவது வேறு. முன்னது நோயாளியின் மருந்து. பின்னது ஒரு சேமிப்பு நிலையம். அச்சேமிப்பு நிலையம் நகர்கிறது என்பதே சிக்கல். வான்போக்குவரத்து விதிகள் இதற்குத் தடையல்ல. ஏற்றுவதற்கென எடுத்த குருதி, நோய்க்கிருமிப் பொருள்களைப்போல் அபாயச் சரக்காகக் கருதப்படுவதில்லை.

குலுக்கலிலும் உயரத்திலும் சிவப்பணு சிதைந்துவிடாதா? இது நம் துறைக்கே உரிய கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2023 மே 10 அன்று டில்லிக்கு அருகே பத்துப் பை குருதியை டிரோன் எனும் ஆளில்லா ஊர்தியில் அனுப்பிச் சோதித்தது. வெப்பநிலை காக்கப்பட்டது, பொருளுக்குச் சேதம் இல்லை என அறிவித்தது. ருவாண்டா நாட்டில் 2016 முதலே டிரோன்கள் மலை தாண்டிக் குருதியைக் கொண்டுசெல்கின்றன. நம் திருவனந்தபுரத்திலிருந்தே 2020 மே 9 அன்று, அரசு வாடகைக்கு எடுத்த ஹெலிகாப்டரில் ஓர் இதயம் கொச்சிக்குப் பறந்து மற்றொருவர் மார்பில் துடிக்கத் தொடங்கியது. நான்கு மணி நேரத்திற்குள் பொருத்தியாக வேண்டிய இதயம் பறக்கலாம். 35 நாள் கெடாமல் இருக்கும் குருதிப் பை பறப்பதற்கு என்ன தயக்கம்?

உண்மையான இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. பொருத்தம் பார்க்க நேரமில்லாதபோது ஏற்றத்தக்கது ஓ நெகட்டிவ். மேனாடுகளில் நூற்றுக்கு 15 பேர்வரை ஆர்எச் நெகட்டிவ் இனத்தார். நம் நாட்டில் ஏறத்தாழ 5 பேரே. அவருள்ளும் ஓ பிரிவினரை எண்ணினால் நூற்றுக்கு இருவர் தேறுவர். ஒவ்வோர் ஊர்தியிலும் இரண்டு பை வைக்கிறேன் என்றால் பிரசவ அறைக்குப் பை இராது. இதற்கும் வழியுண்டு. ஆண்களுக்கும் பிள்ளைப்பேற்று வயது கடந்த பெண்களுக்கும் ஓ பாசிட்டிவ் ஏற்றுவதைப் பல நாட்டார் கைக்கொண்டுள்ளனர். ஆர்எச் எதிர்ப்பொருள் தோன்றினாலும், அதனால் தாக்குறுவது பின்னர் பிறக்கும் குழந்தையே ஆதலின், இவர்கட்குத் தீங்கு குறைவு. நமக்கே உரிய இன்னொரு தொல்லை பம்பாய்ப் பிரிவு. 1952இல் பம்பாயில் மருத்துவர் ஒய். எம். பெண்டேயும் துணைவரும் கண்டறிந்தது. அப்பிரிவினர்க்கு ஓ பிரிவுக் குருதியும் ஒவ்வாது. நம் நாட்டில் பதினாயிரத்தில் ஒருவர் என்பர். மேனாட்டு விதியை அப்படியே பெயர்த்தெழுத முடியாது என்பதற்கு இஃதொரு சான்று. ஒவ்வாமை நேர்ந்தால் தெரிவிக்க, 2012 டிசம்பரில் தொடங்கிய குருதிக் கண்காணிப்புத் திட்டம் நம்மிடம் இருக்கிறது. பறக்கும் ஊர்தியையும் அதன் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பயன்படாத பை வீணாகுமே என்பர். குளிர்பெட்டியில் வெப்பமானி ஒன்று இடையறாது பதிவு செய்தால், மறுநாள் பையை வங்கிக்குத் திருப்பி வேறு நோயாளிக்குப் பயன்படுத்தலாம். பெட்டி மாறிக்கொண்டே இருக்கும், பை தேங்காது.

எல்லைப்புறத்தார்க்கு மட்டும் தோன்றும் ஐயம் ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1 அன்று கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. பாறசாலையில் கிளம்பும் ஹெலிகாப்டர் சில நிமிடங்களில் களியக்காவிளையைக் கடந்துவிடும். சேமிப்பு நிலையத்திற்கு ஒப்புதல் தருபவர் மாநில அதிகாரி. ஒரு மாநிலம் ஒப்புக்கொண்ட பெட்டி மறு மாநிலத்து வானில் என்னவாகும்? நிலத்தில் ஊன்றிய கட்டடத்திற்கு இக்கேள்வி எழாது. ஆகவே நகரும் சேமிப்பிற்கு நடுவணரசின் ஒரே ஒப்புதல் நாடெங்கும் செல்லுமாறு விதி அமைய வேண்டும்.

"கள்ளிக்காட்டிற்கு ஹெலிகாப்டர் வருகிறதா முதலில்?" என்று என் அறைத்தோழர் கேலி செய்தார். நியாயமான கேலி. ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனை 2024 அக்டோபரில் இமயச் சாரலுக்கென ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் தொடங்கியது, 2025 மே மாதம் கேதார்நாத் அருகே அது தரையிறங்குகையில் பழுதுற்றது, உள்ளிருந்தோர் தப்பினர். மலையும் மழையும் விமானிக்குப் பகை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அப்படியே. ஆனால் 2024 சூலை 30 அன்று வயநாட்டுச் சூரல்மலையில் நிலம் சரிந்து பாலம் அடித்துச் செல்லப்பட்டபோது காயமுற்றோரை வெளிக்கொணர ஹெலிகாப்டரைத்தான் நாடினார்கள். எங்கள் அண்டை ஊராகிய அம்பூரியிலும் 2001 நவம்பரில் மலை சரிந்ததுண்டு. மேலும், நான் வேண்டும் திருத்தம் வானூர்தியோடு நிற்பதன்று. 'ஆம்புலன்ஸ்' என்னும் சொல்லை விதியில் சேர்த்தால், காட்டாக்கடைச் சாலையில் வரும் வண்டிக்கும் நெய்யாற்றில் வரும் படகுக்கும் அதுவே போதும். குருதி கிடைக்கும்வரை டிரானக்சாமிக் அமிலம் என்னும் மலிவான மருந்தையாவது மூன்று மணி நேரத்திற்குள் கொடுத்துவிடலாம். 20,211 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில் அது இறப்பை நூற்றுக்கு 16.0இலிருந்து 14.5ஆகக் குறைத்தது. அதற்கு எந்த விதியும் மாறவேண்டியதில்லை.

விதியை மாற்றும் முறை அரியதன்று. மருந்துகள் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவைக் கலந்து, நடுவணரசு வரைவை அரசிதழில் வெளியிட்டு, மக்களின் மறுப்புகளையும் கருத்துகளையும் கேட்டபின் விதியை இறுதி செய்யும். 'கே' அட்டவணையின் அந்த 2001ஆம் ஆண்டு இனத்தில், மருத்துவமனை என்னும் சொல்லுக்குப் பின், "உரிமம் பெற்ற குருதி வங்கியுடன் இணைக்கப்பட்டு, மருத்துவர் உடன் செல்லும், தரையிலோ நீரிலோ வானிலோ இயங்கும் ஆம்புலன்ஸ்" என்று சேர்க்குமாறும், வெப்பநிலைப் பதிவு, பை திருப்பல், மாநிலம் கடக்கும் ஒப்புதல் ஆகியவற்றை நிபந்தனையாக்குமாறும் அக்குழுவிற்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கம், ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. மலையாளப் படி ஒன்றும் வேண்டும். திருத்தமாக எழுதத் தெரிந்த நண்பர்கள் உதவலாம். சட்டத்துறை நண்பர்கள் சொற்களைப் பார்த்துக் கொடுத்தால் நலம். படிகள் மன்ற அறையில், நாளிதழ்கள் கிடக்கும் மேசையின் இழுப்பறையில் உள்ளன.